என் பங்குக்கு வந்த பூசை

கோயில் பூசாரியான எங்கள் அப்பாவுக்கு நாங்கள் இரண்டு மகன்கள். பாகம் பிரித்தபோது அண்ணனுக்கு வீடும் இரண்டு ஏக்கர் மேட்டாங்காடும் வந்தன. எனக்கு மாகாளியம்மன் கோயில் பூசை வந்தது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரல் ஏறிவிடுகிறது என்று என் மனைவி சொல்கிறாள். ஏறினால் ஏறட்டும். அந்த நாட்களில் நான் வெந்த வேக்காடு எனக்குத்தான் தெரியும்.

திருப்பூருக்குப் பக்கத்தில், வீரபாண்டிக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஊர். கோயில் என்றதும் கோபுரம், மதில் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரே அறை, முன்னால் நான்கு தூண், பக்கத்தில் ஒரு கிணறு. வாசலுக்கு ஒரு பக்கம் வெள்ளரளிச் செடி, மறுபக்கம் செவ்வரளி. காலையில் கிணற்றில் தண்ணீர் சேந்தி அம்மனைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, சேலை கட்ட வேண்டும். பொழுது சாயும்போது விளக்கு வைக்க வேண்டும். ஒரு நாள்கூடத் தப்பக் கூடாது. சொந்தத்தில் கல்யாணம் என்று போனாலும் பந்தியில் பாதியில் எழுந்து விளக்கு நேரத்துக்கு ஓடிவர வேண்டும். இதற்கு வரும்படி என்று பார்த்தால் தட்டில் விழும் சில்லறையும், செவ்வாய் வெள்ளியில் உடைக்கும் தேங்காயில் ஒரு மூடியும்தான்.

அப்பா நியாயம் தெரியாதவர் அல்ல. பூசையை இரண்டாக வெட்ட முடியாது. ஆளுக்கொரு வாரம் என்று வைத்தால், இது அவன் வாரம் என்று இவனும் இவன் வாரம் என்று அவனும் இருந்துவிட்டு, நடுவில் அம்மன் பட்டினி கிடக்கும் என்று பயந்தார். அதனால் பூசையை ஒரு பங்காகவும் வீட்டையும் காட்டையும் ஒரு பங்காகவும் வைத்தார். யாருக்கு எது என்று அவர் வாயால் சொல்லவில்லை. அம்மனிடம் பூக் கேட்டார்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். பூசாரி கருவறைக்குள் போய்த் திரையை இழுத்து மூடிக்கொள்வார். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளரளியும் இன்னொன்றில் செவ்வரளியும் வைத்து மடித்து, இரண்டும் ஒன்றுபோல இருக்கும்படி நாரால் கட்டுவார். அம்மன் காலடியில் வைத்து எடுத்து, தட்டில் போட்டுக் குலுக்கி வெளியே கொண்டுவருவார். விவரம் தெரியாத ஒரு சின்னப் பெண்குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். பிரித்தால் வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். அதைப் பிரித்துப் பார்ப்பது அம்மன் முகத்துக்கு நேராக நின்று உன்னை நம்பவில்லை என்று சொல்வதாகும்.

பூசை இளையவனுக்கா என்று அப்பா கேட்டார். வெள்ளை வந்தது. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அண்ணனும் போட்டுக்கொண்டார். இரண்டு ஏக்கர் கிடைத்தவர் போட்டுக்கொள்ளாமல் என்ன செய்வார். "அம்மனே கேட்டு வாங்கிக்கிட்ட புள்ள" என்று பெண்கள் என்னைப் பார்த்துச் சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார். நான் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு பூசையைப் பார்த்தேன்.

எண்பதுகளின் நடுவில் திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலம் அது. தெற்குச் சீமையிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவர்கள்கூட மூன்றே வருடத்தில் வண்டி வாங்கினார்கள். அண்ணன் காட்டின் ஓரத்தில் ஷெட் போட்டு நிட்டிங் மெஷின் இறக்கினார். நானும் கட்டிங் வேலை கற்றுக்கொண்டு மாஸ்டர் ஆனேன். கை சுத்தம் என்று பேர் எடுத்தேன். ஆனால் எந்தக் கம்பெனியிலும் நிலைக்க முடியவில்லை. ஷிப்மென்ட் நேரத்தில் எல்லோரும் ஒன்றரை ஷிப்ட் பார்க்க வேண்டும், அதாவது ஐந்தரைக்கு முடிய வேண்டிய வேலை எட்டரைக்குத்தான் முடியும். நான் ஐந்தரைக்குக் கத்தரியை வைத்துவிட்டு சைக்கிளை எடுப்பேன்.

"ஏனுங்க மாஸ்டர், உங்க அம்மன் வெளக்குக்காகக் கப்பலு காத்துக்கிட்டு நிக்குமுங்களா?" என்று ஒரு முதலாளி கேட்டார். எவ்வளவு மரியாதையாகக் கேட்டாரோ அவ்வளவு மரியாதையாக மறுநாள் வேறு மாஸ்டரைப் போட்டுக்கொண்டார். இப்படி மூன்று கம்பெனி மாறினேன். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வேலை போனால் இன்னொரு வேலை.

குழந்தைக்கு வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஊருக்கு மேற்கே ஓடை ஓரமாகச் சாயப்பட்டறைகள் வந்தன. பின்னாலேயே துணியை பிளீச்சிங் போட்டு வெளுக்கும் சலவைப் பட்டறை ஒன்றும் வந்தது. முதலில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. அப்புறம் நிறம் வந்தது. ஒரு நாள் ரோஸ், ஒரு நாள் கருநீலம். அந்தத் தண்ணீரில்தான் அம்மனைக் குளிப்பாட்டினேன், வேறு தண்ணீருக்கு எங்கே போவது. ஆடியில் யாரோ நேர்ந்துகொண்டு சாத்திய வெள்ளைச் சேலையை ஒரு தரம் அலசிக் காயப்போட்டேன், வெளிர்நீலமாக ஆகிவிட்டது. சலவைப் பட்டறையிலிருந்து வந்த நெடி விடிந்ததிலிருந்து ஊருக்குள் நிற்கும். பெரியவர்கள் இருமிவிட்டு வேலைக்குப் போனார்கள். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு இழுப்பு வந்தது.

இழுப்பு வந்த குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? மார்க்கூடு உள்ளே போகும். தொண்டைக் குழி பள்ளமாகும். தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவாள், பேச வராது, கண் மட்டும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்பா ஏதாவது செய்வார் என்று பார்க்கிற பார்வை அது. நான் என்ன செய்வேன். முதுகைத் தடவுவேன். அவ்வளவுதான் என்னால் ஆனது.

டவுன் டாக்டர் ஊசி போட்டுவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "ஊசி போட்டாச்சு, மருந்து எழுதித் தாரனுங்க. ஆனா இந்தக் காத்துல இருந்தா எதுவும் நிக்காது. புள்ளைய வேற பக்கம் கூட்டீட்டுப் போயிருங்க" என்றார்.

போகலாம்தான். திருப்பூர் டவுனுக்குள் ராயபுரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை இருந்தது, பக்கத்திலேயே வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றும் தருவதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, ஒன்றரை ஷிப்ட் பார்க்க வேண்டும். குழந்தையையும் மனைவியையும் மட்டும் அனுப்பலாம் என்றால், தனியாக ஒரு குடித்தனம் வைக்க எனக்கு வக்கு இல்லை. நான் பூசையை விட்டால்தான் மூன்று பேரும் போக முடியும். பூசையை விட வேண்டுமென்றால் அம்மன் உத்தரவு வேண்டும். பூவால் வந்தது பூவால்தான் போக வேண்டும் என்று ஊர்ப் பெரியவர் சொல்லிவிட்டார்.

கேட்டேன். நானே கட்டினேன், நேர்மையாகத்தான் கட்டினேன். பக்கத்து வீட்டுக் குழந்தை எடுத்தது. சிவப்பு.

"ஒரு மண்டலம் போவட்டும், மறுக்கா கேளு சாமி" என்றார் பெரியவர், எங்கள் பக்கம் சின்னவர்களைச் சாமி என்று கூப்பிடும் வாஞ்சையோடு. நாற்பத்தெட்டு நாள். அந்த நாற்பத்தெட்டு நாளில் குழந்தையை ஆறு முறை டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுபடி கேட்டேன். மறுபடியும் சிவப்பு.

அன்றைக்கு எல்லோரும் கலைந்து போன பிறகு, நட்டநடுப் பகலில், திரையை இழுத்து மூடிக்கொண்டு அம்மனோடு சண்டை போட்டேன். "நீ கல்லு. உனக்கு மூச்சு வேண்டியதில்ல. என்ர புள்ளைக்கு வேணும். அண்ணனுக்குக் காட்டைக் குடுத்த, எனக்கு உன்னையக் குடுத்த. சரின்னு வாயப் பொத்திக்கிட்டு எடுத்துக்கிட்டேன். இப்பப் புள்ளையவும் கேக்கறயா?" என்று கேட்டேன். கண்ணில் நீர் கொட்டியது. அம்மன் முகத்தில் காலையில் வார்த்த ரோஸ் தண்ணீர் காய்ந்து கறையாக இருந்தது.

மூன்றாவது முறை கேட்டபோது இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன்.

எளிதாகச் சொல்லிவிட்டேன். கட்டும்போது நார் விரலில் நிற்கவில்லை, மூன்று தடவை வழுக்கியது. பறித்து வைத்திருந்த செவ்வரளியை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டேன். திரைக்கு வெளியே ஊர் நின்றது, திரைக்கு உள்ளே நானும் அம்மனும். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் கட்டினேன்.

வெளியே வந்தால் இன்னொரு சோதனை. வழக்கமாக எடுக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை அம்மாயி ஊருக்குப் போயிருந்தது. "உன்ர புள்ளையே எடுக்கட்டும், அவளுக்காகத்தான கேக்கறோம்" என்றார் பெரியவர். என் மகள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெல்ல எழுந்து வந்தாள். இரண்டு பொட்டலத்தையும் அவ்வளவு நேரம் பார்த்தாள். ஒன்றின் மேல் கை வைத்து, அதை விட்டுவிட்டு, மற்றதை எடுத்து என்னிடம் நீட்டினாள். பிரித்தேன். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. என் மனைவி விழுந்து கும்பிட்டாள்.

"நான் சரியா எடுத்தனுங்களாப்பா?" என்று மகள் கேட்டாள்.

நான் திரையைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

மீந்த பொட்டலத்தைக் கிணற்றில் போடுவதற்குள் உயிர் போய்விட்டது. அவசரத்தில் போட்டேனா, அது தண்ணீரில் விழுந்ததும் நார் கழன்று இலை விரிந்துவிட்டது. கருநீலத் தண்ணீரில் ஒரு வெள்ளரளிப் பூ மிதந்தது. யாராவது எட்டிப் பார்த்தால் கதை முடிந்தது. கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து, வந்தவர்களிடம் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு, அது எப்போது அமிழும் எப்போது அமிழும் என்று பார்த்தேன். அமிழவே இல்லை. பொழுது இறங்கியதும் கடைசி விளக்கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஆள் கிடைக்கும்வரை பூசையைத் தான் பார்த்துக்கொள்வதாக அண்ணன் சொன்னார். கோயில் சாவியை அவர் கையில் கொடுத்தபோது எனக்கு விட்டது சனி என்றுதான் இருந்தது.

ராயபுரம் போன இரண்டாவது மாதத்தில் குழந்தைக்கு இழுப்பு அடங்கியது. தெருவில் மற்றப் பிள்ளைகளோடு ஓடினாள். ஓடிவிட்டு வந்து நின்று, வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டாள். அதை நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்காக இன்னொரு தரம் வேண்டுமானாலும் அப்படிக் கட்டியிருப்பேன். இதில் நான் பொய் சொல்லத் தயாராக இல்லை.

ஆனால் வேறொன்று ஆரம்பித்தது. ஆறு மணி ஆனால் கட்டிங் டேபிளில் என் கை நின்றுவிடும். துணி அடுக்கு முன்னால் இருக்கும், கத்தரி கையில் இருக்கும், வெட்ட வராது. விளக்கு நேரம். அத்தனை வருடம் திட்டிக்கொண்டே செய்த வேலை. எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிவிடும்போது அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அதைத் தினமும் முதலில் பார்க்கிற ஆளாக நான் இருந்தேன் என்பது அங்கே, டியூப் லைட் வெளிச்சத்தில்தான் எனக்கு உறைத்தது. ஊரில் யாருக்கும் கிடைக்காத ஒன்று என் பங்குக்கு வந்திருந்தது. அதை நானே கையால் தள்ளிவிட்டு வந்திருந்தேன்.

தள்ளியதுகூடப் பரவாயில்லை. அது எனக்கு உண்மையாகவே வந்ததுதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது பாருங்கள், அதுதான் என்னைத் தின்றது. திரைக்குப் பின்னால் என்ன செய்ய முடியும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்படியானால் அப்பாவும் செய்திருக்கலாமே? மூத்தவன் கெட்டிக்காரன், அவன் காட்டைப் பார்க்கட்டும், இளையவன் சொன்னதைக் கேட்பான், அவன் தலையில் பூசையைக் கட்டுவோம் என்று அப்பாவும் இரண்டு வெள்ளை வைத்திருந்தால்? அம்மனே கேட்டு வாங்கிய பிள்ளை என்றார்களே, அது வெறும் அப்பா ஏற்பாடாக இருந்தால்? செத்துப்போனவரிடம் எங்கே போய்க் கேட்பது. நான் ஒரு பொட்டலத்தில் செய்த கள்ளம் பின்னோக்கிப் போய் அப்பா கட்டிய பொட்டலத்துக்குள்ளும் புகுந்துகொண்டது. அம்மனிடமிருந்து எனக்கு வந்தது என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

ஊர்ப் பக்கமே போகவில்லை. கோயில் நோம்பித் திருவிழாவுக்குக்கூட ஷிப்மென்ட் என்று சாக்குச் சொல்லிவிட்டு, மனைவியையும் மகளையும் மட்டும் அனுப்பினேன்.

ஐந்தாவது வருடம் மகளுக்கு மறுபடியும் இழுப்பு வந்தது. பள்ளிக்கூடம் லீவ் விட்டிருந்த சமயம், எனக்குச் சோறு கொண்டுவந்தவள் கட்டிங் செக்‌ஷனில் பஞ்சுத் தூசிக்கு நடுவில் அரை மணி நேரம் நின்றிருக்கிறாள். மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றோம். உள்ளே அவளுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். முன்பு எப்போதும் வந்ததைவிட மோசமாக இருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

என் மனைவி சுவரில் தலையை முட்டுக்கொடுத்து, "மாகாளி, மாகாளி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? கேட்டு, அம்மன் சரி என்றாலும் அது அவள் சொன்னதுதான் என்று நான் எப்படி நம்புவது? அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒரே வழியை நானே அடைத்துவிட்டேன். உள்ளே என் குழந்தை மூச்சுக்குத் தவிக்கிறாள், கோயில் பூசாரி பெற்ற மகன், கோயில் பூசாரியாக இருந்தவன், கும்பிட ஒரு வார்த்தை இல்லாமல் நிற்கிறேன். அந்த வராந்தாவில் நான் பட்ட அவலத்தை எதிரிக்கும் சொல்ல மாட்டேன்.

ஆறு மணிக்கு நர்ஸ் வந்து, "பரவால்லீங்க, போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தோம். தூங்கிக்கொண்டிருந்தாள். மார்பு சீராக ஏறி இறங்கியது. வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தோம். அங்கேதான் மனைவியிடம் சொன்னேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்ததை, பூ கிணற்றில் மிதந்ததை, எல்லாவற்றையும்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "நீங்க ஏமாத்துனது என்னையல்லீங்க. எங்கிட்டச் சொல்லி என்னாகறது? எங்க சொல்லோணுமோ அங்க போயிச் சொல்லுங்க" என்றாள். எழுந்தபடியே, "ஆனா ஒண்ணு. அன்னிக்கு நீங்க அப்படிக் கட்டலீன்னா, நானே புள்ளையத் தூக்கீட்டுக் கெளம்பியிருப்பனுங்க" என்றாள்.

குழந்தை தேறி வந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனிக்கு லீவ் சொல்லிவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். சலவைப் பட்டறையை அப்போது வேறு பக்கம் மாற்றியிருந்தார்கள், நெடி குறைந்திருந்தது. அண்ணன் கோயிலில் இருந்தார். ஆள் கிடைக்கும்வரை என்று ஆரம்பித்தவர் ஐந்து வருடமாக அவரே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மனைப் பார்த்தேன். முகத்தில் ஒரு கறை இல்லை. பளிச்சென்று இருந்தாள். ஊத்துக்குளிப் பக்கம் அண்ணனுக்கு மாமனார் ஊர். அங்கே தோட்டத்துக் கிணற்றிலிருந்து வாரம் தவறாமல் டெம்போவில் கேன் கேனாகத் தண்ணீர் வருகிறது, விளக்குக்கு நெய்யும் அங்கிருந்துதான். எனக்கு இது தோன்றவே இல்லையே. நான் ரோஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பங்கு சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகளை வாசலில் விட்டுவிட்டு அண்ணனிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

"தெரியும்டா" என்றார் அண்ணன்.

நான் நிமிர்ந்தேன்.

"அடுத்த நாள் காலைல தண்ணி சேந்துனேன். வாளீல வெள்ளப் பூவு வந்துச்சு. கூடவே இலையும் நாரும்."

"ஏனுங்கண்ணா சொல்லுல?"

"என்னன்னு சொல்றது? புள்ளைக்கு மூச்சு முட்டுனது எனக்குந்தான் தெரியும். அந்தப் பூவ எடுத்து அம்மங் காலடியிலயே வெச்சுட்டேன். அவ பாத்துக்குவான்னு." வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இப்ப என்ன? பூசை திரும்ப வேணுமா?"

"வேணுங்கண்ணா" என்றேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கம்பெனியை விட்டுவிட்டு வந்துவிடத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"கேட்டுப் பாப்போம். வெள்ள வந்தா இந்தா சாவி, நாளைக்கே எடுத்துக்க."

அவர் உள்ளே போய்த் திரையை மூடினார். நான் வெளியே நின்றேன். பூசை என் கைக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் முதல் முறையாகத் திரைக்கு வெளியே கேட்கிற ஆட்கள் நிற்கும் இடத்தில் நின்றேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்படித்தானே இத்தனை பேர் என்னை நம்பி நின்றிருக்கிறார்கள்.

என் புத்தி என்னை விடுமா? அண்ணனுக்குப் பூசை பிடித்துப்போய்விட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இரண்டிலும் சிவப்பை வைப்பார் என்றது. இல்லை, தம்பி அழுகிறானே என்று இரக்கப்பட்டு இரண்டிலும் வெள்ளையை வைப்பார் என்றது. திருடின கை எல்லோருடைய கையையும் திருட்டுக் கை என்றுதான் பார்க்கும்.

தட்டோடு வந்தார். மகளுக்கு இப்போது பத்து வயது. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, யோசிக்காமல் ஒன்றை எடுத்தாள். அவளே பிரித்தாள்.

சிவப்பு.

அண்ணன் என் முகத்தைப் பார்த்து, என் மனதில் ஓடியதைப் படித்தவர்போல, "இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டட்டுமாடா?" என்று கேட்டார். அப்படிக் கேட்கக் கூடாது. அவருக்கும் அது தெரியும். எனக்காகக் கேட்டார்.

தட்டில் அந்தப் பொட்டலம் இருந்தது. கை நீட்டினால் போதும், ஒரு நாரை இழுத்தால் போதும். அண்ணன் நேர்மையாகக் கட்டினாரா என்று தெரிந்துவிடும். இத்தனை வருடம் என்னைத் தின்ற எல்லாவற்றுக்கும் அதில் ஒரு விடை இருப்பதுபோல இருந்தது.

"வேண்டாங்கண்ணா" என்றேன்.

நானே எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டேன். அது மிதந்ததா, விரிந்ததா, உள்ளே என்ன நிறம் என்று எட்டிப் பார்க்கவில்லை. அப்பா கட்டிய பொட்டலத்தைப் பற்றிய சந்தேகத்தையும் அதோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். திரும்பி நடந்தபோது உடம்பு லேசாக இருந்தது. ஐந்து வருடமாக என்னோடு பேசாமல் இருந்தவள் இன்றைக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அந்தச் சிவப்பை நான் கட்டவில்லை. அது எனக்கு வந்தது. பூசை என் கையில் இல்லாமல் போனாலும், கேட்டால் பதில் வருகிற ஒரு இடம் எனக்கு இருக்கிறது. என் பங்கு அதுதான் என்று தோன்றியது. அது எனக்குப் போதும் என்றும் தோன்றியது. அத்தனை வருடத்தில் போதும் என்ற வார்த்தை என் மனதில் வந்தது அன்றைக்குத்தான்.

மகள் வெள்ளரளிச் செடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். விரித்த இலையும் அந்தப் பூவும் அவள் உள்ளங்கையில் அப்படியே இருந்தன. முகம் வாடிப்போயிருந்தது.

"செவப்பு வந்துருச்சுங்களேப்பா. நான் தப்பா எடுத்துட்டனுங்களா?"

ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இந்த முறை அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"இல்லீங்க சாமி. சரியாத்தான் எடுத்திருக்கறீங்க."